மெயில் சர்வரில் கறுப்புப் பட்டியல்: முதன்முறை அமைப்பவர்களுக்கு

சொந்தமாக ஒரு மெயில் சர்வரை நிறுவி, வெளிச் சர்வர்கள் மெயில் கொண்டுவரும் 25-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும். நீங்கள் யாருக்கும் முகவரி கொடுத்திருக்கவே வேண்டாம். லாகைத் திறந்து பார்த்தால் முன்பின் தெரியாத ஐபி முகவரிகள் வரிசைகட்டி வந்து மெயில் தள்ளப் பார்த்துக்கொண்டிருக்கும். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினி, ஸ்பாம் அனுப்புவதற்கென்றே வாடகைக்கு எடுத்த சர்வர், கடவுச்சொல் திருடுபோன யாரோ ஒருவரின் கணக்கு என்று எல்லா வகையும் அதில் இருக்கும்.

வருகிற ஒவ்வொரு மெயிலையும் முழுசாக வாங்கி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அலசி, அப்புறம் ஸ்பாமா இல்லையா என்று முடிவு செய்யலாம். அது சர்வரின் நேரத்தையும் மெமரியையும் தின்கிற வேலை. அதற்கு முன்னாலேயே, இணைப்பு எந்த ஐபியிலிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்துப் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட முடியும். அதற்குத்தான் கறுப்புப் பட்டியல், அதாவது நேரடியாக மெயில் வாங்கக்கூடாத ஐபிகளின் தொகுப்பு.

இதை அமைப்பதற்கு ஒரே ஒரு வரி போதும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு மறந்துபோனவர்களின் சர்வர்கள், ஒரு நாள் காலையில் நல்ல மெயில் உட்பட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே வரியை எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளுக்கானவை. எக்ஸிம் போன்றவற்றிலும் கருத்து இதேதான், எழுதும் இடம்தான் மாறும். அமைப்புகளின் பெயர், கட்டளை, டொமைன் எல்லாவற்றையும் உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். கோப்பில் இடும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே இடுங்கள்.

பட்டியல் எப்படிப் பதில் சொல்கிறது

1997-இல் பால் விக்ஸி 'மேப்ஸ்' என்ற அமைப்பின் மூலம் வெளியிட்ட ஆர்பிஎல் என்பதுதான் இந்த வகையில் முன்னோடி. முதலில் அது ரவுட்டர்களுக்குப் போகும் பட்டியலாக இருந்தது. பிறகு டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி சொல்லும் ஏற்பாடு) வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆனது. இன்றைக்கும் பலர் எந்தக் கறுப்புப் பட்டியலையும் ஆர்பிஎல் என்றே சொல்கிறார்கள். பொதுப்பெயர் டிஎன்எஸ்பிஎல்.

வேலை செய்யும் விதம் எளிது. 203.0.113.45 என்ற ஐபியிலிருந்து ஒரு இணைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சர்வர் அந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, பட்டியலின் டொமைனை (இங்கே ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் ஜென் பட்டியல்) அதன் பின்னால் ஒட்டி, ஒரு சாதாரண டிஎன்எஸ் கேள்வி கேட்கிறது:

45.113.0.203.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க்

அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால், அந்த ஐபி பட்டியலில் இல்லை. 127-இல் தொடங்கும் ஒரு முகவரி பதிலாக வந்தால், பெரும்பாலும் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். இந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், சற்றுப் பின்னால் தேவைப்படும். அதே பெயருக்கு டெக்ஸ்ட் வகைப் பதிவைக் கேட்டால் ஏன் சேர்த்தார்கள் என்ற விளக்கமோ, விளக்கம் இருக்கும் பக்கத்தின் முகவரியோ கிடைக்கும். ஐபிவி6 முகவரிக்கும் இதே முறைதான். 32 பதினாறிம இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப்போடுவதால் கேள்வி மட்டும் நீண்டுவிடும்.

கடைசி எண்ணுக்கும் பொருள் உண்டு. ஸ்பாம்ஹவுஸின் ஜென் என்பது பல பட்டியல்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்று. 127.0.0.2 வந்தால் எஸ்பிஎல், அதாவது ஸ்பாம் அனுப்புவோர் என்று ஆராய்ந்து சேர்த்த முகவரி. 127.0.0.3 என்றால் சிஎஸ்எஸ், நம்பத்தகாத வகையில் மெயில் அனுப்பும் முகவரிகளைத் தானியங்கியாகப் பிடித்துப் போடுவது. 127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல். வைரஸ் புகுந்த கணினிகளும் திறந்து கிடக்கும் பிராக்ஸிகளும் இதில் வரும். 127.0.0.9 திருடப்பட்ட, அல்லது முழுக்கவே குற்றக் கும்பல்களின் கையிலிருக்கும் ஐபித் தொகுதிகளுக்கானது. 127.0.0.10, 127.0.0.11 இரண்டும் பிபிஎல்.

பிபிஎல்லைப் புரிந்துகொள்வதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அதில் இருக்கும் ஐபி தப்பு செய்தது என்று பொருளே இல்லை. வீட்டு பிராட்பேண்ட், மொபைல் இணைப்பு போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் முகவரிகள் அவை. அந்த முகவரியில் இருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் மெயில் சர்வரோடு 25-ஆம் போர்ட்டில் நேரடியாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை, தன்னுடைய மெயில் சேவையின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற கொள்கைதான் அந்தப் பட்டியல். பல ஐபி வரிசைகளை இணையச் சேவை நிறுவனங்களே கொண்டுவந்து சேர்க்கின்றன. உங்கள் வீட்டு இணைப்பும் அதில் இருக்க வாய்ப்பு அதிகம், பதற வேண்டாம். உங்கள் சொந்தப் பயனர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்பது மட்டும் கீழே முக்கியமாகும்.

எந்தப் பட்டியல்?

ஒரு பட்டியலைச் சர்வரில் சேர்ப்பது, யாருடைய மெயில் உங்களிடம் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுப்பதுதான். அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல் சேர்க்கக்கூடாது. எதற்காகச் சேர்க்கிறார்கள், எப்படி நீக்குகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். உண்மையாகவே சிக்கலைச் சரிசெய்தவர் பணம் கட்டாமல் வெளியே வர வழி இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: ஆரம்பத்தில் ஸ்பாம்ஹவுஸின் ஜென் மட்டும் போதும். 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய அமைப்பு அது. நல்ல மெயில் தவறிச் சிக்குவது குறைவு என்பதால், அதை மட்டும் நம்பி மெயிலைத் திருப்பி அனுப்பலாம். குறைந்த அளவில், வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்துபவர்களுக்கு இலவசம். பெரிய அளவில் என்றால் சந்தா கட்ட வேண்டும்.

இரண்டாவதாகப் பாரகுடாவின் பட்டியலைச் சேர்க்கலாம். அதற்கு முதலில் அவர்களிடம் பதிவு செய்து, எந்த ஐபியிலிருந்து கேட்கப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ஸ்பாம்காப் என்பது பயனர்கள் கொடுக்கும் புகாரையும் ஸ்பாமைப் பிடிக்கவென்றே வைத்த பொறி முகவரிகளையும் வைத்துத் தானாக இயங்குவது. புகார் நின்றால் ஐபியும் தானாக வெளியேறிவிடும். வேகமானது, ஆனால் பெரிய மெயில் சேவைகளின் பொதுவான ஐபிகளும் அவ்வப்போது அதில் மாட்டும். அதனால் அதன் பேச்சை மட்டும் கேட்டு யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். கூடுதல் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யூசிஇபுரொடெக்ட் பட்டியலின் மூன்றாம் நிலை ஒரு இணைய நிறுவனத்தின் மொத்த முகவரிகளையும் ஒரேயடியாகப் பட்டியலில் போடும். அங்கே ஒரு வாடகைச் சர்வர் வைத்திருக்கும் அப்பாவியும் சேர்ந்து மாட்டுவார். மெயிலை மறுப்பதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பட்டியல் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதால் ஸ்பாம் அதே அளவில் குறையாது. ஒரு நல்ல பட்டியல் பிடிப்பதைத்தான் அடுத்ததும் பெரும்பாலும் பிடிக்கும். புதிதாகக் கூடுவது தவறான பிடிப்புகளும் டிஎன்எஸ் தாமதமும்தான்.

படி 1: முதலில் சொந்த ரிசால்வர்

மேலோட்டமான பல குறிப்புகள் தாண்டிப் போய்விடும் இடம் இது. என் கணக்கில் மொத்த வேலையில் பாதி இதுதான்.

உங்கள் சர்வர் டிஎன்எஸ் கேள்விகளை யாரிடம் கேட்கிறது? பதிலைத் தேடித் தரும் அந்த ஆள்தான் ரிசால்வர். பலரும் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது ரிசால்வரைக் கொடுத்திருப்பார்கள். அல்லது சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பொது ரிசால்வர் இருக்கும். கறுப்புப் பட்டியல் நடத்துபவர்கள், யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைக் கேள்வி வரும் ஐபியை வைத்துத்தான் அளக்கிறார்கள். பொது ரிசால்வரின் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பதால், எல்லாக் கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல் தெரியும். ஆகவே அத்தகைய ரிசால்வர்களுக்குச் சரியான பதில் தருவதில்லை.

பதில் தராமல் இருப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, ஸ்பாம் மட்டும்தான் உள்ளே வரும். ஸ்பாம்ஹவுஸ் ஒரு பிழை எண்ணைப் பதிலாக அனுப்புகிறது. 127.255.255.254 என்றால் பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். 127.255.255.255 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். 127.255.255.252 என்றால் பட்டியலின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது மேலே சொன்ன 'பெரும்பாலும்' நினைவிருக்கிறதா? 127-இல் தொடங்கும் எந்தப் பதில் வந்தாலும் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்படி சர்வரை அமைத்திருந்தால், இந்தப் பிழை எண்ணையும் அது அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். விளைவு, யார் மெயில் அனுப்பினாலும் 'ஸ்பாம்ஹவுஸ் தடுத்துவிட்டது' என்று திருப்பி அனுப்பப்படும். ஸ்பாம்ஹவுஸ் யாரையும் தடுத்திருக்காது. நாம் கேட்ட விதம்தான் தப்பு.

எனவே மெயில் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவியவுடன் அது 127.0.0.1-இல் அந்த இயந்திரத்துக்கு மட்டும் பதில் சொல்லும். கேள்வியை வேறு யாருக்கும் தள்ளிவிடாமல், மூல டிஎன்எஸ் சர்வர்களில் தொடங்கித் தானே தேடிக் கண்டுபிடிக்கும். அதன் அமைப்பில் ஃபார்வர்டு என்ற பகுதி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 8.8.8.8-ஐக் கொடுத்துவிட்டால் பழைய கதைதான். பிறகு ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் நேம்சர்வர் 127.0.0.1 என்று மாற்றுங்கள். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு அந்தக் கோப்பைத் தன் கையில் வைத்திருக்கும். 127.0.0.53 என்று இருந்தால் அதன் வேலைதான், அதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

இன்னொரு சின்ன முடிச்சு. டெபியன் வகை இயந்திரங்களில் போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் தனிக்கூண்டுக்குள், அதாவது சிரூட்டுக்குள் ஓடும். அவை பார்க்கும் ரிசால்வ்.கான்ஃப் வேறு: வார் அடைவுக்குள் ஸ்பூல், அதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ், அதற்குள் ஈடிசி என்ற இடத்தில் ஒரு நகல் இருக்கும். வெளியே மாற்றியதும் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்குங்கள், நகல் புதுப்பிக்கப்படும். நீங்கள் கையால் கேட்டால் சரியான பதில் வருகிறது, லாகில் மட்டும் பிழை வருகிறது என்றால் முதலில் இந்த நகலைப் பாருங்கள்.

சில வாடகைச் சர்வர்களில் சொந்த ரிசால்வர் வைத்த பிறகும் 127.255.255.254 வரும். சர்வர் ஐபியின் ரிவர்ஸ் பெயர் (ஐபியைக் கொடுத்துக் கேட்டால் டிஎன்எஸ் சொல்லும் பெயர்), வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் போட்ட பொதுப்பெயராகவே இருந்தால் இப்படி நடக்கலாம். உங்கள் டொமைன் பெயரையே ரிவர்ஸ் பெயராக அமையுங்கள். மெயில் அனுப்புவதற்கும் அது எப்படியும் தேவை. அதுவும் உதவவில்லை என்றால் ஸ்பாம்ஹவுஸில் இலவசமாகப் பதிவு செய்து டிகியூஎஸ் சாவி வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சாவி கேட்கும் பெயரின் ஒரு பகுதியாகச் சேர்ந்துவிடும், யார் கேட்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 2: கையால் கேட்டுப் பாருங்கள்

2010-இல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணைய ஆவணம் ஒரு நல்ல வழக்கத்தை எழுத்தில் வைத்தது. ஐபி பட்டியல் எதுவானாலும் 127.0.0.2 அதில் எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக்கூடாது. பட்டியல் உயிரோடு இருக்கிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க இந்த இரண்டும் போதும்.

டிஎன்எஸ் கேள்வி கேட்க உதவும் டிக் கட்டளையில் 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் என்று கேளுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று பதில்கள் வர வேண்டும். அடுத்து 1.0.0.127 என்று தொடங்கிக் கேளுங்கள். பதிலே வரக்கூடாது. முதலாவதற்கு ஒன்றும் வரவில்லை என்றாலோ, 127.255 என்று தொடங்கும் ஏதாவது வந்தாலோ, படி 1-க்குத் திரும்புங்கள். இந்தச் சோதனை சரியாகாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

படி 3: வரிசை

போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபிடி_ரெசிபியன்ட்_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்ற இடத்தில் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் முடிவு சொல்லும் விதியோடு வாசிப்பு நின்றுவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்:

பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்
பெர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட்
ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்
செக்_கிளையன்ட்_ஆக்சஸ் ஹாஷ்:விதிவிலக்குக் கோப்பு
வார்ன்_இஃப்_ரிஜெக்ட் ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க்=127.0.0.[2..11]

இரண்டாவது வரி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்த உங்கள் சொந்தப் பயனர்களை விட்டுவிடச் சொல்கிறது. அது கறுப்புப் பட்டியல் வரிக்குக் கீழே போய்விட்டால், வீட்டிலிருந்தும் மொபைலிலிருந்தும் மெயில் அனுப்பும் உங்கள் ஆட்கள் எல்லோரும் பிபிஎல்லில் அடிபடுவார்கள். பயனர்கள் 587 அல்லது 465 போர்ட்டைப் பயன்படுத்தட்டும், 25 வெளிச் சர்வர்களுக்கு மட்டும் என்று பிரித்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. புதிதாக அமைப்பவர்கள் அப்படியே செய்துவிடுங்கள்.

விதிவிலக்கு வரியை (பட்டியலில் இருந்தாலும் உள்ளே விட வேண்டிய ஐபிகளின் கோப்பைக் காட்டுவது) மூன்றாவது வரிக்குக் கீழேதான் வைக்க வேண்டும். மேலே வைத்தால், அந்தக் கோப்பில் இருக்கும் ஐபி உங்கள் சர்வர் வழியாக உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பும் நிலை வரலாம். போஸ்ட்ஃபிக்ஸ் 2.10-இலிருந்து இதற்கென்று தனியாக ரிலே விதிகள் வந்துவிட்டன. இருந்தாலும் வரிசையைச் சரியாக வைப்பதில் நட்டமில்லை.

கடைசி வரியின் வாலில் இருக்கும் =127.0.0.[2..11] என்பதை விட்டுவிடாதீர்கள். இந்த எண்களுக்குள் பதில் வந்தால் மட்டும் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. பிழை எண் வந்தால் கண்டுகொள்ளாமல் போய்விடும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.8 முதல் இப்படி எண் வரம்பு கொடுக்கலாம். பழைய குறிப்புகளில் இந்த வால் இல்லாமல்தான் பெரும்பாலும் இருக்கும். பட்டியலின் டிஎன்எஸ் எட்டவே இல்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு மெயிலை உள்ளே விட்டுவிடும். அதனால் பயப்பட வேண்டியது பதில் வராத நாளைப் பற்றியல்ல, தப்பான பதில் வருகிற நாளைப் பற்றி.

படி 4: தடுக்காமல் சும்மா பாருங்கள்

மேலே வார்ன்_இஃப்_ரிஜெக்ட் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது இருக்கும்வரை எந்த மெயிலும் தடைபடாது. தடுத்திருக்க வேண்டிய இடத்தில் லாகில் 'ரிஜெக்ட்_வார்னிங்' என்று ஒரு வரி மட்டும் விழும். அந்த வரியில் இணைப்பு வந்த ஐபி, எந்தப் பட்டியல், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இணைப்பின் தொடக்கத்தில் எதிர்த்தரப்பு ஹலோ சொல்லிக் கொடுத்த தன் பெயர் எல்லாம் இருக்கும்.

ஒரு வாரமாவது இப்படியே ஓடவிடுங்கள். மாத இறுதியில் மட்டும் கணக்கு, பில் என்று மெயில் வரும் அலுவலகமாக இருந்தால் அந்த நாட்களும் இதற்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் கிரெப் கட்டளையால் லாகில் தேடி, அனுப்புநர் பெயர்களை மட்டும் எடுத்துக் கண்ணால் ஓட்டுங்கள். ஸ்பாம் எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஹலோ பெயர் வெறும் எண்களாகவோ, உங்கள் சர்வரின் பெயராகவோகூட இருக்கும். அனுப்புநர் டொமைனுக்கும் ஐபிக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் குப்பைக்கு நடுவில் தெரிந்த வாடிக்கையாளரின் பெயரோ, பயனர்கள் எதிர்பார்க்கும் ஒரு சேவையின் பெயரோ இருக்கிறதா என்பதுதான் நீங்கள் தேடுவது.

அப்படி எதுவும் இல்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்யுங்கள். இப்போது 554 5.7.1 என்ற எண்ணோடு மறுப்பு போகத் தொடங்கும்.

மறுப்பது இணைப்பு இருக்கும்போதே நடப்பதுதான் இந்த முறையின் பெரிய நன்மை. தவறிப்போய் ஒரு நல்ல மெயில் மாட்டினாலும், அனுப்பியவரின் சர்வர் 'போகவில்லை' என்று அவருக்குச் சொல்லிவிடும். மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் திருப்பி அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். நீங்கள் திருப்பி அனுப்புவது யாரோ ஒரு மூன்றாம் மனிதரின் பெட்டியில் போய் விழும், கடைசியில் உங்கள் சர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறும்.

படி 5: மதிப்பெண் போட்டு முடிவு செய்வது

ஒரே பட்டியல் என்றால் மேலே சொன்னது போதும். இரண்டு மூன்று வைக்க விரும்பினால் போஸ்ட்ஸ்கிரீன் பக்கம் வாருங்கள். 2011-இல் போஸ்ட்ஃபிக்ஸ் 2.8-ஓடு வந்தது இது. 25-ஆம் போர்ட்டில் முதலில் நின்று, வருகிறவர் தகுதியானவரா என்று பார்த்துவிட்டு உள்ளே அனுப்பும். மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் ஏற்கெனவே இதற்கான வரிகள் முன்னால் # குறியோடு தயாராக இருக்கும். வழக்கமான எஸ்எம்டிபி வரியை மூடி, போஸ்ட்ஸ்கிரீன், எஸ்எம்டிபிடி பாஸ், டிஎன்எஸ்பிளாக், டிஎல்எஸ்பிராக்ஸி என்ற நான்கு வரிகளைத் திறந்தால் போதும்.

பிறகு மெயின்.சிஎஃப்-இல்:

போஸ்ட்ஸ்கிரீன்_டிஎன்எஸ்பிஎல்_த்ரெஷோல்ட் = 3
போஸ்ட்ஸ்கிரீன்_டிஎன்எஸ்பிஎல்_சைட்ஸ் =
 ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க்=127.0.0.[2..11]*3
 பி.பாரகுடாசென்ட்ரல்.ஆர்க்=127.0.0.2*2
 பிஎல்.ஸ்பாம்காப்.நெட்=127.0.0.2*1
 லிஸ்ட்.டிஎன்எஸ்டபிள்யூஎல்.ஆர்க்=127.0.[0..255].[1..3]*-2

நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பதுதான் மதிப்பெண். ஜென் சொன்னால் 3, அதுவே எல்லையைத் தொட்டுவிடும். பாரகுடா தனியாகச் சொன்னால் 2 தான், மெயில் உள்ளே போகும். ஸ்பாம்காப்பும் சேர்ந்து சொன்னால்தான் 3 ஆகும். கடைசியில் இருப்பது வெள்ளைப் பட்டியல். நல்ல பெயர் எடுத்த சர்வர்களுக்கு 2 மதிப்பெண் கழிக்கும். ஒரு பெரிய சேவையின் ஐபி தற்செயலாகக் கறுப்புப் பட்டியலில் மாட்டிய நாளில் இந்தக் கழித்தல் கைகொடுக்கும். எண்களை உங்கள் லாகைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், இவை ஒரு தொடக்கம்தான்.

போஸ்ட்ஸ்கிரீன்_டிஎன்எஸ்பிஎல்_ஆக்ஷன் என்ற அமைப்பைத் தொடாமல் விட்டால் அது இக்னோர் என்றே இருக்கும். அதாவது மதிப்பெண்ணை லாகில் எழுதும், தடுக்காது. படி 4-இல் செய்த வேடிக்கை பார்ப்பதை இங்கேயும் செய்துவிட்டு, பிறகு என்ஃபோர்ஸ் என்று மாற்றுங்கள். டிராப் என்றும் ஒன்று உண்டு, உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். எனக்கு என்ஃபோர்ஸ்தான் பிடிக்கும். அனுப்புநர், பெறுநர் பெயரைக் கேட்டு லாகில் எழுதிய பிறகுதான் மறுக்கும் என்பதால், 'என் மெயில் வரவில்லையே' என்று யாராவது கேட்டால் தேடிச் சொல்லலாம்.

போஸ்ட்ஸ்கிரீன் வந்த பிறகு மேலே எழுதிய ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் வரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மதிப்பெண்ணில் தப்பியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

சர்வருக்கு முன்னால் வேறொரு கேட்வே இருந்தாலோ, மாற்று எம்எக்ஸ் (உங்கள் டொமைனுக்கு மெயில் வாங்கும் இன்னொரு சர்வர்) வைத்திருந்தாலோ, சோதனையை வெளியே நிற்கும் இயந்திரத்தில்தான் வைக்க வேண்டும். உள்ளே இருப்பதற்குத் தெரிவது உங்கள் கேட்வேயின் ஐபி மட்டும்தான்.

டொமைன் பட்டியல்கள்

ஐபி தவிர, ஸ்பாமில் வரும் டொமைன்களுக்கும் பட்டியல்கள் உண்டு. ஸ்பாம்ஹவுஸின் டிபிஎல், சர்பிஎல், யூரிபிஎல் ஆகியவை தெரிந்த பெயர்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ரிஜெக்ட்_ஆர்எச்எஸ்பிஎல்_சென்டர் டிபிஎல்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க்=127.0.1.[2..99] என்று சேர்த்தால் அனுப்புநர் டொமைன் சோதிக்கப்படும். 100-க்கு மேற்பட்ட எண்கள், நல்ல டொமைன்தான் ஆனால் யாரோ புகுந்துவிட்டார்கள் என்ற வகை. அதற்காக அனுப்புநரை மறுக்க வேண்டாம். டிபிஎல்லிடம் ஐபியைக் கொண்டுபோய்க் கேட்கவும் கூடாது.

மெயிலின் உள்ளே இருக்கும் இணைப்புகளைச் சோதிப்பது ஸ்பாம்அசாசின், ஆர்ஸ்பாம்டி போன்ற ஸ்பாம் வடிகட்டிகளின் வேலை. இந்தப் பட்டியல்கள் அவற்றில் ஏற்கெனவே உண்டு. ஸ்பாம்அசாசின் தலைப்பில் 'யூரிபிஎல்_பிளாக்டு' என்று கண்டால், ரிசால்வர் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

'என் மெயில் திரும்பி வருகிறது' என்ற அழைப்பு

இது கண்டிப்பாக வரும். வந்தவுடன் அவருடைய ஐபியை விதிவிலக்கில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். திரும்பி வந்த மெயிலில் எந்தப் பட்டியல் என்று எழுதியிருக்கும். அதில் போய் ஐபியைத் தேடிக் காரணத்தைப் படியுங்கள். எக்ஸ்பிஎல் என்றால் அவர்கள் பக்கத்தில் ஏதோ ஒரு கணினியில் வைரஸ் இருக்கிறது. அவர்களிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு அது உதவி. பிபிஎல் என்றால் அவர் சர்வர் வீட்டு இணைப்பிலிருந்து நேராக அனுப்பிக்கொண்டிருக்கும். தன் சேவை நிறுவனத்தின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். காரணம் நியாயமில்லை என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கில் சேருங்கள். எதற்காக, எந்தத் தேதியில் சேர்த்தோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுங்கள். போஸ்ட்ஸ்கிரீன் என்றால் அதற்கான இடம் போஸ்ட்ஸ்கிரீன்_ஆக்சஸ்_லிஸ்ட்.

தடுக்கப்பட்டவர் உங்களை எப்படித் தொடர்புகொள்வார் என்பதையும் யோசித்துவையுங்கள். மெயில்தான் போகாதே! எஸ்எம்டிபிடி_ரிஜெக்ட்_ஃபுட்டர் என்ற அமைப்பில் ஒரு தொலைபேசி எண்ணையோ தொடர்புப் பக்கத்தையோ எழுதினால், மறுப்புச் செய்தியின் வாலில் அதுவும் சேர்ந்து போகும். போஸ்ட்ஸ்கிரீனும் இயல்பாக இதையே எடுத்துக்கொள்ளும்.

படி 6: செத்த பட்டியல்கள்

பட்டியல் நடத்துபவர்கள் ஒரு நாள் கடையை மூடலாம். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் ஏராளமான சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில், எந்த ஐபியைக் கேட்டாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று அது பதில் சொல்லத் தொடங்கியது. நீக்காமல் வைத்திருந்தவர்களின் சர்வர்கள் எல்லா மெயிலையும் மறுத்தன. 2021 ஜனவரி இறுதியில் ஸ்பாம்காப்பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, எந்தப் பெயரைக் கேட்டாலும் ஏதோ ஒரு ஐபி பதிலாக வந்தது. எண் வரம்பு கொடுக்காத சர்வர்கள் அதையும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே படித்தன. =127.0.0.2 என்று வால் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல ஆண்டுகளாகப் புழங்கிய சோர்ப்ஸ் பட்டியலும் 2024 ஜூனில் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அதன் பெயர் இருக்கும், பார்த்து ஒட்டுங்கள்.

இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் மணிக்கு ஒருமுறை ஓடட்டும். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ஐபி கறுப்புப் பட்டியலிலும் 127.0.0.2-ஐயும் 127.0.0.1-ஐயும் கேட்கட்டும். முதலாவதற்குப் பதில் வராமல் போனால் பட்டியல் பயன்படவில்லை என்று ஒரு எச்சரிக்கை. இரண்டாவதற்குப் பதில் வந்துவிட்டால் அந்தப் பட்டியலை உடனே மெயின்.சிஎஃப்-இலிருந்து எடுக்க வேண்டும். அந்த எச்சரிக்கையை மெயிலாக மட்டும் அனுப்பாதீர்கள். அது வரும் நாளில் மெயில் வராது. எஸ்எம்எஸ், சாட் என்று வேறு ஏதாவது வழியில் வரும்படி வையுங்கள்.